லீவு கெடைச்சா வந்துட்டுப் போ

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு நம் பக்கத்தில் யாரும் சாவுச் செய்தி சொன்னது கிடையாது. அப்பா ஐஸ் பெட்டியில் கிடப்பார், வாசலில் பந்தல் போட்டாகியிருக்கும். அழுகைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டு, "உடம்பு கொஞ்சம் முடியல, லீவு கெடைச்சா வந்துட்டுப் போ" என்பார்கள். அந்தப் பக்கம் ஃபோனை எடுத்தவனும் லேசுப்பட்டவன் இல்லை. என்ன உடம்புக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு கேள்வி கேட்கமாட்டான். "சரி" என்று வைத்துவிட்டுக் குவைத்திலோ சிங்கப்பூரிலோ தன் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுவான். சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். இந்தக் கூத்துக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் பக்குவம்.

ஃபிளோராவும் அந்தப் பக்குவத்தில் வளர்ந்தவள்தான். அவளுடைய அம்மா இறந்தபோது சவூதியில் இருந்த அண்ணன் அடைக்கலராஜைக் கூப்பிட்டு, "அம்மா படுக்கையில இருக்காங்க, உன்னயேதான் கேக்குறாங்க" என்று சொன்னது அவளேதான். அண்ணன் வந்து இறங்கி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பொய் சொன்னதாக அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

இத்தனைக்கும் பொய்யைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, கடைசி ஆறு வருஷமாகக் குழந்தைகள் ஐ.சி.யு.வுக்கு வெளியே இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போனதை வீட்டு ஆட்களுக்குப் புரிகிற மாதிரி மறுபடி சொல்வது, அவர்கள் அழும்போது கூட இருப்பது, நாலு வாய் சாப்பிடவைப்பது, சண்டை மூண்டால் விலக்கிவிடுவது, இதுதான் வேலை. உறுப்பு தானம் பற்றிப் பேசுவதற்கு வேறு ஆள் உண்டு, அதில் அவள் தலையிடமாட்டாள். மூளை செத்துப்போன ஒரு பிள்ளையின் அம்மாவிடம் "பாப்பா நல்லாத் தூங்குதும்மா" என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக ஜெனித் என்கிற புது நர்ஸை அவள் வெளுத்து வாங்கியதை அந்த மாடியில் இன்னும் சொல்வார்கள். "தூங்குதுன்னா எப்ப எழுந்திரிக்கும்னு கேப்பாங்கல்ல? அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் இசைவாணியைக் கொண்டுவந்தார்கள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குறுவை அறுத்துக் கொண்டுபோன நெல்லை, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே நெல்லைத் தார்ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையை அதன் தாய்மாமன் ராம்கி ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்திருக்கிறான். எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினான், சக்கரம் நெல்லின் மேல் ஏறி வழுக்கியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிள்ளையின் தலை வாய்க்கால் மதகுச் சுவரில் போய் மோதியது. அந்த இடத்தில் கிடந்தது வேறு யாருடைய நெல்லும் இல்லை, அவர்கள் வீட்டு நெல்லேதான். பிள்ளையின் அம்மா அம்சவல்லி காலையில் தன் கையால் பரப்பிவிட்டது.

ஏழு மணி வாக்கில் ராம்கி ஃபிளோராவின் அறைக்கு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையெல்லாம் பிள்ளையின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"சிஸ்டர், எங்க மாமா குவைத்துல இருக்காரு. பாப்பாவோட அப்பா. அவருக்கு என்னான்னு சொல்றது?"

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லு."

"அடிபட்டுருச்சின்னு சொன்னா எப்படி, எங்க, யாரு ஓட்டுனான்னு கேப்பாரு சிஸ்டர். அங்க ஒத்தையில கிடக்குறாரு. ஏதாச்சும் பண்ணிக்கிட்டாருன்னா?"

இதில் பாதி மாமன் மேல் இருந்த அக்கறை, பாதி தன் மேல் இருந்த பயம். ஃபிளோராவுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் ரத்தம் காய்ந்த சட்டையோடு அவன் நின்ற நிற்பைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. குவைத்தில் ஒரு அறையில் தனியாக இருக்கிற ஒருத்தனின் தலையில் இப்போதே கல்லைத் தூக்கிப் போடுவானேன் என்றும் தோன்றியது.

"சரி, இப்ப எல்லாத்தயும் கொட்ட வேணாம். பாப்பாவுக்கு உடம்பு முடியல, லீவு கெடைச்சா வந்துட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லு. நேர்ல வந்ததும் நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அவள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் ஒப்பித்தான். அந்தப் பக்கமிருந்து, "உங்க அக்கா எப்படிடா இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இருக்கு மாமா."

"பாத்துக்க. வர்றேன்."

அவ்வளவுதான், ஃபோனை வைத்துவிட்டான். பிள்ளைக்கு என்ன என்று கேட்கவில்லை. அப்பாடா, நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை என்று ஃபிளோரா பெருமூச்சு விட்டாள். அடி பைத்தியக்காரி, பெற்ற தகப்பன் ஏன் கேட்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் எல்லாம் கைமீறிவிட்டது. மூளை வீங்கிக்கொண்டே போனது. கண்ணில் டார்ச் அடித்தால் கருமணி சுருங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மூளைச்சாவுக்கான முதல் சோதனையைச் செய்தார்கள். சட்டப்படி இடைவெளி விட்டு இரண்டு தடவை செய்ய வேண்டும். இரண்டாவதும் அப்படியே இருந்தால் பிள்ளை இறந்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஐ.சி.யு.வின் பெரிய டாக்டர் லியாகத் அலி இதையெல்லாம் அம்சவல்லியிடம் நிதானமாகச் சொன்னார். அவர் சுற்றிவளைக்கிறவர் இல்லை, விரட்டுகிறவரும் இல்லை.

அவர் போன பிறகு அம்சவல்லி ஃபிளோராவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நெஞ்சு ஏறி எறங்குதே சிஸ்டர்? கை சூடா இருக்கே?"

"அது அவ இழுக்குற மூச்சு இல்லம்மா. மிஷின் ஊதுது, நெஞ்சு ஏறுது. சைக்கிள் ட்யூபுக்குக் காத்தடிக்கிற மாதிரி. மிஷின் ஊதுற வரைக்கும் இதயமும் கொஞ்ச நாள் ஓடும், சூடும் இருக்கும். ஆனா பாப்பா அதுல இல்ல."

ஒரு தடவை சொன்னால் ஏறிவிடுகிற விஷயமா இது? ஏழு தடவை சொன்னாள். எட்டாவது தடவை அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் காயப்போட்ட நெல்லு, நான் காயப்போட்ட நெல்லு" என்று மூச்சு முட்டும் வரை சொன்னாள். அழுது ஓய்ந்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு சிஸ்டர். அவர் வரட்டும். வந்து, புரிஞ்சுக்கிட்டு, எங்கூட நின்னு அனுப்பணும். நான் ஒத்தையா இத முடிக்க மாட்டேன். எனக்கு அது மட்டும் பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"நான் பாத்துக்கிறேன்" என்று ஃபிளோரா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். இரண்டாவது சோதனையை அவன் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டாள். கம்பெனியின் கையில் இருந்த பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் பிள்ளையின் அப்பா ராஜராஜன் திருச்சியில் வந்து இறங்கினான். ராம்கிதான் காரோடு போனான். அதுவரை, வரும் நேரத்தைச் சொன்னதோடு சரி, ராஜராஜனும் ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இங்கிருந்தும் யாரும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு ராம்கி மூச்சிரைக்க ஃபிளோராவின் அறைக்குள் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"வந்துட்டாரா?"

"கீழ லிஃப்ட்டுகிட்ட நிக்கிறாரு. சிஸ்டர், வழி பூரா ஒரு வார்த்தை கேக்கல. நானும் வாயத் தெறக்கல. வண்டி ஊருக்குப் போகாம ஆஸ்பத்திரி பக்கம் திரும்புன ஒடனேதான் கேட்டாரு. இங்க எதுக்குடா, இன்னும் பாடியக் குடுக்கலயாடான்னு."

திங்கட்கிழமை அந்த ஆள் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்பது ஃபிளோராவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு முடியல, லீவு கெடைச்சா வந்துட்டுப் போ என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? அவளுடைய அண்ணனுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியாமல் போகுமா? மூன்று நாளாகப் பிள்ளை செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அழுது முடித்து, பிணத்தைப் பார்க்க வந்திருக்கிறான். உள்ளே போனால் நெஞ்சு ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்ப்பான். ஐயோ மாதாவே என்று எழுந்து ஓடினாள்.

லிஃப்ட் அதற்குள் திறந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது, கறுத்து மெலிந்த உடம்பு, கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தான்.

"சார், ஒரு நிமிஷம் எங்கூட வந்து உக்காருங்க. உள்ள போறதுக்கு முன்னாடி..."

"பாத்துட்டு வந்துடறேன் சிஸ்டர். எங்க வச்சிருக்காங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அம்சவல்லி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கட்டிலின் ஓரத்தில் போய் நின்றான். பிள்ளையின் நெஞ்சு மேலே வந்தது, கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அவன் குனிந்து அந்தச் சின்னக் கையைத் தொட்டான், சூடாக இருந்தது. உள்ளங்காலைத் தொட்டான், கட்டைவிரல் அசைந்தது. முதுகுத்தண்டு செய்கிற வேலை அது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்சவல்லியிடம் ஃபிளோரா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். இவனிடம் யார் சொன்னார்கள்?

"உசுரோட இருக்கா!" என்று கத்தினான். "அடப்பாவிகளா, எம் புள்ள உசுரோட இருக்காடா!"

சிரித்தான், அழுதான். ராம்கியை முதுகில் அறைந்தான், கட்டிக்கொண்டான். ஓடி வந்த டாக்டரின் காலில் விழப்போனான். "செத்துட்டான்னு நெனச்சிட்டேங்க. மூணு நாளா செத்துட்டான்னே நெனச்சிட்டேன். எங்கப்பா போனப்பவும் இப்படித்தான் ஃபோன் பண்ணாங்க" என்று டாக்டரிடமும் நர்ஸிடமும் மாறி மாறிச் சொன்னான். பையிலிருந்து ஒரு ரோஸ் கலர் கவுனை இழுத்தான். "கடைசியாப் போட்டு அனுப்பலாம்னு ஏர்போர்ட்டுல வாங்குனது. பாரு அம்சா, தீபாவளிக்குப் போட்டுக்குவா!"

அதுகூடப் பரவாயில்லை. ஃபிளோராவால் தாங்க முடியாமல் போனது அம்சவல்லியின் முகத்தைப் பார்த்துத்தான். முந்தின நாள் முகம் கழுவிக்கொண்டு வந்து தெளிவாகப் பேசிய அந்தப் பெண், புருஷனையும் கவுனையும் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினாள்.

"சிஸ்டர், இவர் சொல்றாரே... வெரல் ஆடுச்சாம். நெசமாவா இருக்கும்?"

படாத பாடுபட்டு ஏறின படியெல்லாம் சரிந்து அவள் மறுபடி அடியில் போய் விழுந்திருந்தாள். தள்ளிவிட்டது யார் என்று ஃபிளோராவுக்குத் தெரியும்.

டாக்டர் லியாகத் அலி ராஜராஜனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். விபத்து, வீக்கம், முதல் சோதனை, இன்றைக்குச் செய்யப்போகும் இரண்டாவது சோதனை. விபத்து என்றதும் அவன் ராம்கியைத் திரும்பிப் பார்த்தான். ராம்கி சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆனால் ராஜராஜன் அடிக்கவில்லை. எழுந்து நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஃபோன்ல உடம்பு முடியலன்னீங்க. சரி, செத்துட்டான்னு எடுத்துக்கிட்டேன். இங்க வந்து பாத்தா மூச்சு வுடுறா. இப்ப செத்துட்டாங்கிறீங்க. எதைங்க நான் நம்புறது? நாளைக்கி வேற ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? நான் மெட்ராஸுக்குக் கொண்டுபோறேன். ஆம்புலன்ஸ் சொல்றா ராம்கி."

அவன் கேட்டதில் என்ன தப்பு? பின்னால் பேசிக்கொள்ளலாம், முதலில் இவனைச் சமாதானப்படுத்துவோம் என்று ஃபிளோராவுக்கு அப்போதும் ஒரு புத்தி சொல்லத்தான் செய்தது. அந்தப் பாழாய்ப்போன புத்தியால்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஃபோன்ல அப்படிச் சொல்லச் சொன்னது நான்தாங்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ராம்கி எங்கிட்ட வந்துதான் கேட்டான். என்ன நடந்துச்சோ அதச் சொல்லுன்னுதான் நானும் மொதல்ல சொன்னேன். அப்புறம் மனசு எளகி மாத்திட்டேன். தப்பு என்னோடது. அதனால இப்ப நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். டாக்டர் சொல்றதயும் நம்ப வேணாம். சோதனை பண்றப்ப பக்கத்துல நின்னு நீங்களே பாருங்க. மிஷினக் கழட்டுவாங்க. மூளையில துளி உசுர் இருந்தாலும் பாப்பா தானா மூச்சு இழுப்பா. இழுத்தா மெட்ராஸுக்கு நானே ஆம்புலன்ஸுல கூட வர்றேன்."

டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டார். பெற்றவர்களை நிற்கவைத்து இந்தச் சோதனையை அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை செய்ததில்லை.

"தாங்குவாங்களா ஃபிளோரா?"

"தாங்க மாட்டாங்க டாக்டர். ஆனா நம்புவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, நிக்கட்டும்" என்றார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விட்டார்கள், நெற்றி எலும்பை அழுத்தினார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஃபிளோரா இருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். ராஜராஜன் கவுனை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் டாக்டர், "இப்ப மிஷினக் கழட்டப்போறோம். ஆக்சிஜன் மட்டும் சின்னக் குழாயில போகும், காத்து ஊதாது. எட்டு நிமிஷம். நெஞ்சையும் வயித்தையும் மட்டும் பாருங்க" என்றார்.

கழற்றினார்கள். மூன்று நாளாக ஓயாமல் கேட்ட புஸ் புஸ் சத்தம் நின்றது. பிள்ளையின் நெஞ்சு கீழே இறங்கியது, அங்கேயே நின்றது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. ராஜராஜன் கண் கொட்டவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் குனிந்து, "பாப்பா" என்றான். "பாப்பா, மூச்சு இழுடா. இங்க பாரு, மூச்சு இழு. எழுந்திரு தங்கம்." மூன்றாவது நிமிஷத்தில் அவன் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்த நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இசை! ஏய் இசை! அப்பா சொல்றேன்ல!"

அம்சவல்லி அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. கூப்புடாதீங்க. நான் மூணு நாளாக் கூப்புட்டுட்டேன்."

அவன் வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் இருவரும் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு வருஷத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவள் ஃபிளோரா, அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குப் போகவே மாட்டேன் என்றது. கடவுளே, ஒரு தடவை அசைந்துவிடக் கூடாதா, நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேனே என்று அவள்கூட வேண்டிக்கொண்டாள். நெஞ்சு அசையவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மிஷினைத் திரும்ப மாட்டச் சொன்னார். மணி பார்த்துத் தாளில் எழுதினார். பிறகு ராஜராஜனின் தோளில் கை வைத்து, "போயிட்டாங்க" என்றார்.

அம்சவல்லி அழவில்லை. புருஷனின் கையை விடாமல் நின்றாள். அவள் கேட்டது அதுதான், அவன் வந்து கூட நின்றுவிட்டான். ஃபிளோராவுக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் இவர்களைக் கொஞ்ச நேரம் தனியாக விடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர்."

ராஜராஜன்தான் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை.

"திங்கக்கெழம ராம்கி ஃபோன் பண்ணான்ல. அப்ப பாப்பா இருந்தாளா?"

ஃபிளோரா நின்றுவிட்டாள். அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இல்லைங்க, அடிபட்ட இடத்திலேயே எல்லாம் முடிஞ்சிடுச்சு, நீங்க நினைச்சது சரிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் மூன்று நாள் அழுத அழுகைக்கு ஒரு கணக்கு நேராகிவிடும். டாக்டர் மறுக்கமாட்டார். ராம்கி கும்பிட்டுக் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தான். பொய் தயாராக வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல பொய், கருணையான பொய், திங்கட்கிழமை சொன்னதற்குக் கூடப்பிறந்தது.

"இருந்தாங்க" என்றாள். "தொண்டையில சளி எடுக்கிறப்ப இருமுனா. கையில ஊசி போட்டா இழுத்துக்கிட்டா. செவ்வாக்கெழம மத்தியானம் வரைக்கும் இருந்தா."

"பேசுனா கேட்டிருக்குமா?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. கேக்காதுன்னு சொல்ல முடியாது. அம்மாவ பேசச் சொன்னேன். பேசுனாங்க."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை மனசுக்குள் எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஃபோனக் கீழ வைக்கவே இல்ல சிஸ்டர்" என்றான். "அன்னிக்கி பூரா கையில ஃபோன வச்சிக்கிட்டேதான் ரூமுல அழுதுகிட்டுக் கிடந்தேன்."

மன்னிச்சிடுங்க என்று கேட்க ஃபிளோராவுக்கு வாய் வரவில்லை, கேட்டால் அவன் மன்னித்துவிடுவான் போலிருந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு மன்னிக்கிற வேலையையும் வைக்க அவளுக்கு மனசு இல்லை.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தான். கவுனை அம்சவல்லியிடம் கொடுத்தான். பிள்ளையின் காதில் ஒட்டியிருந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு குனிந்து, வாயை அந்தக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பாப்பா, அப்பா பேசுறேன்டா" என்று ஆரம்பித்தான்.

இந்தத் தடவை அம்சவல்லி அவனைத் தடுக்கவில்லை.